சாணிக் கரைசலுக்கு எந்த பம்ப்? கெட்டியானதை நகர்த்தின கதை

போன மாசம் மட்டும் மூணு பேர் ஒரே கேள்வியைக் கேட்டுட்டாங்க. "சாணிக் கரைசலைக் குழியிலிருந்து தோட்டத்துக்குத் தள்ள எந்த மோட்டார் போடலாம்?" மாட்டுப்பண்ணை போட்டவர் ஒருத்தர், கோபர் கேஸ் வெச்சிருக்கறவர் ஒருத்தர், இன்னொருத்தர் கரும்புச் சக்கைத் தண்ணியும் சாணியும் கலந்து தேக்கி வெக்கறவர். இதுல ரெண்டாவது ஆள் ஏற்கனவே ஒரு மோனோபிளாக்கை ஸ்லரிக் குழியில போட்டுப் பார்த்துட்டார். ரெண்டு வாரத்துல இம்பெல்லர்ல வைக்கோல் சிக்கி நின்னு போச்சு, காயில் கருகிருச்சு. காயில் கட்டிப் போட்டார். மறுபடியும் கருகிருச்சு. "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்கிறார். அந்த பம்பு கிணத்துல போட்டிருந்தா பத்து வருசம் ஓடியிருக்கும் என்பதுதான் என் எண்ணம்.

இத்தனை எச்.பி. போடுங்கன்னு ஒரு வரியில பதில் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா எதுக்காக அந்த பம்பு வேண்டாம், எதுக்காக இது வேணும்னு புரியாம வாங்கினா அடுத்த கடைக்காரர் சொல்றதுதான் சரின்னு ஆயிரும். அதனால கொஞ்சம் பழைய கதைக்குப் போறேன்.

நம்ம தாத்தா காலத்துக் கவலையை நினைச்சுப் பாருங்க. சால் கீழே இறங்கி முங்கும், மாடு பின்னாலிருந்து முன்னால நடக்கும், சால் நிறைஞ்சு மேலே வரும், தும்பி வழியா வாரியில கொட்டும். கிணத்துல தண்ணி வத்தி, அடியில சேறு கலங்கி வந்தாலும் கவலைக்கு அதைப் பத்திக் கவலையே இல்லை. சேறும் தண்ணியும் சேர்ந்து மேலே வரும். கெணறு தூர் எடுக்கும்போது சேத்தைச் சாலிலேயே ஏத்திக் கொட்டுவாங்க. ஏன்? அது தண்ணியை எறியறதில்லை. ஒரு பை நிறைய அள்ளி, அந்தப் பையோட தூக்குது. பைக்குள்ள என்ன இருக்குன்னு அதுக்குத் தெரிய வேண்டியதில்லை. பாரம் மட்டும்தான் மாட்டுக்குத் தெரியும்.

ஏத்தம், பெர்சியச் சக்கரம், ஆர்க்கிமிடீஸ் பேரைச் சொல்ற திருகு எல்லாம் இந்த ஜாதிதான். அந்தத் திருகு ஒரு சாய்ந்த குழாய்க்குள்ள சுத்துற சுருள். சுருளோட ஒவ்வொரு மடிப்புலயும் கொஞ்சம் தண்ணி தேங்கி, சுத்தச் சுத்த ஒவ்வொரு படியா மேலே ஏறும். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ் பேர்ல அது நிலைச்சுப் போச்சு. இன்னிக்கும் பெரிய ஊர்களின் சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்துல கழிவை மேலே ஏத்துறதுக்கு அதே திருகைத்தான் பெரிய அளவுல போடறாங்க. துணி, பிளாஸ்டிக், குச்சி எது வந்தாலும் ஏறிப் போயிரும். இரண்டாயிரம் வருசத்துக்கு மேல ஒரு கருவி அடிப்படை மாறாம இருக்குதுன்னா சும்மா இல்லைங்க.

வானத்துல கோள்கள் எப்படிச் சுத்துதுன்னு கணக்குப் போட்ட கெப்ளர் கூட ஒரு பம்பு வரைஞ்சிருக்கார்னு பலருக்குத் தெரியாது. 1600-களின் தொடக்கத்துல, பிராகு நகரத்துல இருந்தப்போ, ஒரு பெட்டிக்குள்ள ரெண்டு பல்சக்கரத்தை ஒண்ணோடொண்ணு கோத்துச் சுத்தவிட்டார். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கற பள்ளத்துல தண்ணி மாட்டிக்கிட்டு, பெட்டியோட ஓரமா சுத்திப் போய் அந்தப் பக்கம் வெளியே தள்ளப்படும். வால்வே வேண்டாம். இன்னிக்கு உங்க டிராக்டர் ஹைட்ராலிக்ல இருக்கற கியர் பம்பைக் கழட்டிப் பாருங்க, அதே ரெண்டு சக்கரம்.

சரி, இவ்வளவு நல்ல அள்ளுற கருவிகள் இருக்கும்போது நம்ம ஊரெல்லாம் எப்படி எறியற பம்பு வந்துச்சு?

1851-ல லண்டன்ல உலகப் பொருட்காட்சி நடந்துச்சு. அதுல ஜான் ஆப்போல்ட் என்பவர் ஒரு சென்ட்ரிஃபியூகல் பம்பைக் கொண்டு வந்து வெச்சார். தண்ணியை நடுவுல விட்டு, வேகமா சுத்துற சக்கரம் அதை ஓரத்துக்கு வீசியெறியும். அந்த வீச்சு அழுத்தமா மாறிக் குழாய் வழியா மேலே போகும். இந்த யோசனை அதுக்கு முன்னாடியே இருந்ததுதான். ஆப்போல்ட் செஞ்சது என்னன்னா, சக்கரத்தோட இறக்கையை நேரா வைக்காம பின்பக்கம் வளைச்சார். சோதனையில அவரோட வளைஞ்ச இறக்கை 68 சதவீதம் திறன் காட்டுச்சு. நேர் இறக்கை வெச்சப்போ 24 சதவீதம்தான். ஒரு வளைவுல இவ்வளவு வித்தியாசம்.

அதே வருசம் இங்கிலாந்துல விட்டில்சி மியர்ங்கற பெரிய ஏரியை வயலாக்கறதுக்கு ஆப்போல்ட் பம்பைப் போட்டு வத்த வெச்சாங்க. நிலம் கிடைச்சுது. ஆனா அது மக்கிப் போன செடிகொடி சேர்ந்த கரி மண். தண்ணி போனதும் சுருங்கிச் சுருங்கித் தாழ்ந்துருச்சு. அப்போ தரைமட்டத்தோட மட்டமா நிலத்துக்குள்ள இறக்கின ஒரு இரும்புத் தூண் இன்னிக்குத் தரைக்கு மேல சுமார் 4 மீட்டர் நீட்டிக்கிட்டு நிக்குது. பம்பு தண்ணியை மட்டும் எடுக்கறதில்லைங்க. சரி, இது வேற கதை, இன்னொரு நாள் எழுதறேன்.

நம்ம பக்கம் 1932-ல பைக்காராவுல நீர்மின்சாரம் தொடங்குச்சு. கோயம்புத்தூரைச் சுத்தி மில்லுக்கும் தோட்டத்துக்கும் கரண்டு வந்துச்சு. 1937-ல ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்ளூரிலேயே மின்மோட்டார் செஞ்சாங்க. அப்புறம் வரிசையா பட்டறைகள், ஃபவுண்டரிகள். கவலை ஓட்டின கையெல்லாம் சுவிட்சைத் தட்ட ஆரம்பிச்சுது. ஆழமான கிணத்துத் தண்ணி, கல்லு மண்ணு இல்லாத தெளிஞ்ச தண்ணி, அதுக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. விலை கம்மி, வால்வு கிடையாது, கழட்டி மாட்ட ஊருக்கு ஊர் ஆளு. அதனால பம்புன்னாலே நமக்கு அதுதான்னு மனசுல பதிஞ்சு போச்சு. கெட்டியானதுக்கும் அதையே தூக்கிட்டுப் போறோம்.

எறியற பம்பு ஏன் கெட்டியானதுக்கு ஆகாது? ஒரு கைப்பிடி தண்ணியை வீசிப் பாருங்க, தூரமாப் போய் விழும். ஒரு கைப்பிடி வெல்லப் பாகை வீசிப் பாருங்க, கையிலேயே ஒட்டிக்கும். சக்கரம் சுத்தும், ஆனா பாகு சக்கரத்தோடயே சுத்தும், நகராது. மோட்டார் போடற சக்தியெல்லாம் உரசல்ல சூடாப் போயிரும். தண்ணியைவிட நூறு மடங்கு பாகா ஆயிட்டாலே இந்தச் சாதாரண பம்புகளோட திறன் நல்லாவே இறங்கிரும். அதுக்கு மேல போகப் போகத் தண்ணியில 15 மீட்டர் ஏத்தினது பாகுல 5 மீட்டர் கூட ஏத்தாது.

இந்தப் பாகுத்தன்மையை அளக்கற அலகுக்குப் பேரு பாய்ஸ். ஒரு டாக்டரோட பேரு அது. பிரான்ஸ்ல பாய்சல்ங்கற மருத்துவர், உடம்புல சின்ன ரத்தக் குழாய்க்குள்ள ரத்தம் எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்கறதுக்காக, மெல்லிசான கண்ணாடிக் குழாய்கள்ல திரவத்தை விட்டு விட்டு அளந்தார். 1840-களில் அவர் சொன்ன கணக்கு இது: குழாயோட விட்டத்தைப் பாதியாக் குறைச்சா, அதே அழுத்தத்துல ஓட்டம் பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காயிரும். பாகு மாதிரி மெதுவா ஓடறதுக்கெல்லாம் இந்தக் கணக்கு பொருந்தும். நம்ம ஆளுங்க பம்புக்கு ரூபாயை வாரிக் கொடுத்துட்டுக் குழாயில மிச்சம் பிடிக்கறாங்க பாருங்க, அங்கதான் அடி வாங்கறாங்க. 2 இன்ச் பைப்புக்குப் பதில் 3 இன்ச் போட்டா, சின்ன பம்பே போதும்.

கேட்லாக்ல சென்டிபாய்ஸ்னு போட்டிருப்பாங்க. 20 டிகிரி சூட்டுல தண்ணி 1. ஆமணக்கு எண்ணெய் ஏறக்குறைய ஆயிரம். தேன் சில ஆயிரம். மொலாசஸ் அதுக்கும் மேல போகும். இதுல கவனிக்க வேண்டியது சூடு. ஆமணக்கு எண்ணெய் ஊத்தற அடுக்களையில இருக்கறவங்களுக்கே தெரியும், மார்கழிக் காலையில ஒரு மாதிரி விழும், சித்திரை மத்தியானத்துல வேற மாதிரி விழும்.

இதோட பயங்கரமான உதாரணம் 1919 ஜனவரி 15-ல அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல நடந்துச்சு. சர்க்கரை ஆலையில சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சற மொலாசஸ், கரும்பு போடற நமக்குத் தெரிஞ்ச சரக்குதான். அதைக் கப்பல்ல கொண்டு வந்து, 50 அடி உயரம், 90 அடி விட்டம் உள்ள இரும்புத் தொட்டியில தேக்கி வெச்சிருந்தாங்க. சாராயச் சத்து எடுக்கறதுக்காக. ரெண்டு நாளைக்கு முன்னாடிதான் ஒரு கப்பல் வந்து சரக்கு இறக்கியிருந்தது. பம்பு தள்ளணும்னா மொலாசஸைச் சூடு பண்ணி இளக்கித்தான் ஆகணும், அப்படித்தான் இறக்கினாங்க. தகடு போதாத கனத்துல செஞ்ச அந்தத் தொட்டி அன்னிக்கு மத்தியானம் வெடிச்சுப் பிரிஞ்சது. சுமார் 87 லட்சம் லிட்டர் மொலாசஸ் தெருவுல அலையாப் பாஞ்சது. 21 பேர் செத்துப் போனாங்க, 150 பேருக்குக் காயம். முதல்ல வெள்ளமா ஓடினது, குளிர்ல ஆற ஆற இறுகிப் பிசின் மாதிரி ஆயிருச்சு. மாட்டினவங்களை இழுத்து எடுக்க முடியலை. குதிரைகள் நின்ன இடத்துலயே செத்துச்சு. அப்புறம் தீயணைப்புப் படகுகள்ல இருந்து கடல் தண்ணியை அடிச்சுத்தான் கழுவினாங்க. ஒரே சரக்கு, ஒரே நாள், காலையில ஒரு பாகு, சாயந்தரம் வேற பாகு. சரக்கோட சூடு கேட்காம பம்பு சொல்றவர் கடைக்காரரே இல்லை என்பேன்.

இந்த மாதிரிப் பாகு சரக்குகளுக்கு வழி திறந்தவங்கள்ல ரெண்டு பேரைச் சொல்றேன். ரெண்டு பேருமே தேடினது ஒண்ணு, கிடைச்சது வேற.

ஜென்ஸ் நீல்சன்னு ஒருத்தர், டென்மார்க்கிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர். ஐயோவா மாநிலத்துல சீடர் ஃபால்ஸ்ல அவரோட சுண்ணாம்புக்கல் குவாரியில தண்ணி ஊறி ஊறி வேலை நின்னுக்கிட்டிருந்தது. அந்தத் தண்ணியை இறைக்க 1904-ல ஒரு பம்பு செஞ்சார். பெரிய பல்வளையத்துக்கு உள்ளே சின்னப் பல்சக்கரம், நடுவுல பிறை மாதிரி ஒரு தடுப்பு. பல்லுங்க பிரியற இடத்துல இடம் திறந்து திரவம் நிறையும், சேர்ற இடத்துல பிதுங்கி வெளியே போகும். குவாரித் தண்ணிக்குச் செஞ்சது, எண்ணெய்க்கும் பாகுக்கும் பேர் போச்சு. 1911-ல வைக்கிங் பம்ப் கம்பெனி அதை வெச்சுத்தான் பிறந்துச்சு. சோப்பு, பெயின்ட், தார், சாக்லெட் எல்லாம் இந்த வகையில ஓடுது. மெதுவா சுத்தணும், அதுதான் ரகசியம். கெட்டியான சரக்குக்குப் பல்லிடுக்குல வந்து நிறையறதுக்கு நேரம் வேணும். வேகமா சுத்தினா பள்ளம் காலியாவே சுத்தும், கடகடன்னு சத்தம் வரும், சரக்கு வராது. ஆனா ஒண்ணு, மணல் கலந்தா பல்லு தேஞ்சு போயிரும். நம்ம சாணிக் கரைசல்ல மணல் இல்லாம இருக்காது. தொழுவத்துத் தரையைக் கூட்டினா மண்ணுதானே முதல்ல வரும்?

அதுக்குத்தான் ரெண்டாவது ஆள். ரெனே முவானோ, பிரெஞ்சுக்காரர், விமானி. அந்தக் குடும்பப் பேருக்குப் பிரெஞ்சுல சிட்டுக்குருவின்னு அர்த்தம், பறக்கறவருக்குப் பொருத்தம்தான். முதல் உலகப் போர்ல, ஒரே இன்ஜினை உடம்புல வெச்சு ரெண்டு பக்கமும் ரெண்டு விசிறியைச் சுத்த வெச்ச ஒரு விமானத்தை வடிவமைச்சவர். அது பெருசா எடுபடலை. அப்புறம் காற்றை அழுத்தற ஒரு கருவிக்காக யோசிக்கும்போது கிடைச்ச வடிவத்தைப் பத்தி 1930-ல பாரிஸ் பல்கலைக்கழகத்துல முனைவர் பட்ட ஆய்வு எழுதினார். 1932-ல அதுக்காகவே கம்பெனி தொடங்கினாங்க.

அந்த வடிவத்தைச் சொல்றது கொஞ்சம் சிரமம், முயற்சி பண்றேன். உள்ளே ஒரு எஃகுத் தண்டு, கயிறு முறுக்கின மாதிரி ஒரு சுருள். வெளியே ரப்பர் குழாய், அதோட உட்புறத்துல ரெண்டு சுருள் ஓடும், அதோட நீளம் தண்டோட சுருளைப் போல ரெண்டு மடங்கு. தண்டை உள்ளே விட்டா, தண்டுக்கும் ரப்பருக்கும் நடுவுல அங்கங்க மூடின பைகள் மாதிரி வெற்றிடம் உண்டாகும். தண்டு சுத்தச் சுத்த அந்தப் பைகள் அப்படியே முன்னால நகரும். ஒரு பை முடியற இடத்துல அடுத்தது தொடங்குது. அதனால துடிப்பில்லாம ஒரே சீரா வரும். கவலைச் சால் ஆயிரத்தை வரிசையா மாலையாக் கோத்து, இடைவெளியில்லாம படுக்க வெச்சு இழுத்தா எப்படி இருக்கும், அதுதான்.

ரப்பர்ங்கறதால மணல் வந்தா அமுங்கி இடம் கொடுத்துட்டு மறுபடி நிமிர்ந்துக்கும். நார் வந்தாலும் சுத்திச் சிக்க இறக்கை கிடையாது. 1930-களிலேயே இங்கிலாந்திலயும் அமெரிக்காவிலயும் உரிமம் வாங்கிச் செய்ய ஆரம்பிச்சுட்டாங்க. இங்கிலாந்துல மோனோன்னும், அமெரிக்காவுல அவரோட பேரை உச்சரிப்புப்படி எழுதி மொய்னோன்னும் பேரு. கனடாவுல மணலும் தாருமாக் கெட்டியா இருக்கற எண்ணெயைக் கிணத்திலிருந்து எடுக்க இதைத்தான் போடறாங்க. தலைகீழாவும் வேலை செய்யும்: உள்ளே சேத்துத் தண்ணியை அழுத்தி விட்டா தண்டு தானாச் சுத்தும். எண்ணெய்க் கிணறு தோண்டற துளைக்கருவியை ஆழத்துல அப்படித்தான் சுத்த வைக்கறாங்க.

இங்க ஒரு எச்சரிக்கைங்க. நம்ம கடைகள்ல மோனோபிளாக்னா எறியற பம்பு. மோனோ பம்பு அல்லது ஸ்க்ரூ பம்புனா முவானோவோட அள்ளுற பம்பு. பேர் ஒரே மாதிரி இருக்கு, ஜாதி நேர் எதிர். "மோனோ போட்டிருக்கேன்"னு ஒருத்தர் சொன்னா எந்த மோனோன்னு கேட்டுக்கங்க.

அப்போ நம்ம சாணிக் குழிக்கு? கோபர் கேஸுக்குச் சாணியும் தண்ணியும் ஒண்ணுக்கு ஒண்ணு கலக்கறோம். கேஸ் போன பிறகு வெளியே வர்றது அதைவிட இளக்கமாத்தான் இருக்கும். அதுல வைக்கோல் துண்டு இல்லாம, நல்லாக் கலக்கி விட்டா, வாய் அகலமான ஸ்லரி பம்பே ஓடும். சாணிக் கரைசலுக்கு ஒரு குணம் உண்டு: கலக்கக் கலக்க இளகும், நின்னா இறுகும். அதனால முதல்ல கலக்கி, அப்புறம் பம்பு போடணும். வைக்கோல், நீளச் சோளத் தட்டு இருந்தா, வாயிலேயே கத்தி வெச்ச கட்டர் பம்பு வேணும். குழியிலிருந்து நூறு நூத்தம்பது அடி தாண்டி, சீரா, அளவாத் தள்ளணும், கரைசல் கஞ்சி மாதிரி கெட்டின்னா, ஸ்க்ரூ பம்பு. மூணுல விலை கூட அதுதான். அதை எப்பவும் குழிக்கு வெளியே, திரவ மட்டத்துக்குக் கீழே வெக்கற மாதிரி ஒரு பள்ளம் எடுத்து வையுங்க. எந்த பம்பும் இழுக்கறதில்லை, வெளிக்காத்து தள்ளறதுதான். தண்ணியையே அது 10 மீட்டருக்கு மேல தள்ளாது, கஞ்சியைக் கேக்கவே வேண்டாம். தானா வந்து வாயில விழற மாதிரி வெச்சாத்தான் ஒழுங்கா ஓடும்.

ஸ்க்ரூ பம்புக்கு ரெண்டு பயம். காலியா ஓடக் கூடாது, சரக்கில்லாம சில நிமிசம் ஓடினாலே ரப்பர் கருகிரும். டெலிவரி வால்வை மூடிட்டு ஓட்டக் கூடாது. எறியற பம்பு மூடினா சும்மா சுத்தும், அள்ளுற பம்பு விடாது, குழாய் வெடிக்கும் இல்லேன்னா பம்பு உடையும். ரிலீஃப் வால்வு போடாம யாராவது கொடுத்தா வாங்காதீங்க.

அடைப்பு எடுக்க யாரும் குழிக்குள்ள இறங்கக் கூடாது, இதைத் தடிச்ச எழுத்துல படிச்சுக்கங்க. சாணிக் குழியைக் கலக்கும்போது அழுகின முட்டை வாசனையோட ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். கொஞ்சமா இருக்கும்போதுதான் வாசனை தெரியும், அதிகமானா மூக்கே மரத்துப் போயி வாசனை தெரியாமப் போயிரும், ஆள் ஒரு மூச்சுல விழுவான். அவனைத் தூக்கப் போறவனும் விழுவான். குழிக்குள்ள இருக்கற பம்பைவிட வெளியே இருக்கறதுக்குக் கூடுதல் ரூபா கொடுக்கச் சொல்றதுக்கு முதல் காரணம் இதுதான். நடுக்குழியிலதான் பம்பு வெக்கணும்னா, சங்கிலியில கட்டித் தூக்கற மாதிரி மேல ஒரு கப்பி போட்டு வெச்சுக்கங்க.

வாங்கப் போறதுக்கு முன்னாடி ஒரு பக்கெட் கரைசலை எடுத்துட்டுப் போங்க. கடைக்காரர் பாத்துட்டு, எவ்வளவு தூரம், எவ்வளவு ஏத்தம், வைக்கோல் உண்டான்னு கேட்டா உட்கார்ந்து பேசுங்க. ரப்பர் ஸ்டேட்டர் எத்தனை ரூபா, இங்கயே கிடைக்குமான்னும் கேட்டுக்கங்க. தேய்ஞ்சு மாத்தற சாமான் அது, எப்பவோ ஒருநாள் மாத்தித்தான் ஆகணும். உங்களுக்கு எந்த வகை ஓடுதுன்னு கீழே எழுதுங்க, கோபர் கேஸ்காரர் வர்ற வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர் போறார், அவர் போறதுக்குள்ள சொன்னா உதவியா இருக்கும்.